கூண்டு வண்டி

டிராம்பேப் பகுதியின் எண்ணெய் ஆலைகளிலிருந்து புறப்படும் டேங்கர் லாரி வழியில் பழுதானால், ஓட்டுநர் பணிமனையை நாடுவார். முற்காலத்தில் தமிழகச் சிற்றூரிலிருந்து குடும்பத்துடன் கூண்டு வண்டியில் திருவிழாவிற்குப் புறப்பட்டவருக்கு அவ்வசதி இல்லை. மூங்கிற் பிளாச்சுகளை வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டே வெயிலுக்கும் மழைக்கும் கூரை. இரவில் உறக்கமும் அதனுள்ளேதான். ஆதலால் சிறு பழுதுகளை வண்டிக்காரர் தாமே நீக்கக் கற்றிருந்தார்.

சக்கரம் அச்சில் உராய்ந்தால் இரண்டும் தேயும். அதைத் தடுக்க வண்டிமை இடுவர். வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் மை ஆயத்தம். கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. மை இட்டபின் கடையாணியைச் செருக மறந்தால் சக்கரம் கழன்று வண்டி குடைசாயும். அச்சிறிய இரும்பை நம்பியே அத்தனை உயிர்களும் பயணம் செய்தன!

கோடையில் மரச்சக்கரம் உலர்ந்து சுருங்கும்; அதைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டை தளரும். அப்போது சக்கரத்தை நீரில் ஊறவைப்பர். மரம் பருத்துப் பட்டையைப் பற்றிக்கொள்ளும். ஆயினும் இது சில நாள்களுக்கே உதவும். பட்டை மிகவும் தளர்ந்தால் கொல்லரிடம் செல்வதே முறை. அவர் பட்டையை வெட்டிச் சிறிதாக்கி, இணைத்து, நெருப்பில் காய்ச்சுவார். சூட்டில் விரிந்த பட்டையைச் சக்கரத்தில் மாட்டி உடனே நீர் ஊற்றுவார். குளிர்ந்த இரும்பு சுருங்கி, வட்டை, ஆரக்கால், குடம் ஆகிய மூன்றையும் இறுக்கிவிடும். அறிவியல் பாடத்தில் வரும் வெப்ப விரிவு இதுவே.

மிகுந்த பாரம் அச்சை முறிக்கும் என்பதைத் திருக்குறளின் 475ஆம் குறளும் சொல்கிறது. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். எனவே புறப்படுமுன் மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பர்.