295 கிலோமீட்டரில் மாறும் துகள்

நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் கிடையாது. எந்தக் காந்தமும் அதைத் திருப்பாது. மலையும் பாறையும் அதற்குத் தடையே இல்லை. அப்படிப்பட்ட துகளைக் கற்றையாக்கி, 295 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு நிலத்தினூடே அனுப்புகிறார்கள் ஜப்பானின் டி2கே ஆய்வுக் குழுவினர்.

எலக்ட்ரான், மியூவான், டௌ என நியூட்ரினோவில் மூன்று வகை. போகும் வழியிலேயே ஒரு வகை இன்னொன்றாக மாறுகிறது என்பதற்கு, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களை வைத்து 1998-இல் அதே தொட்டி, சூப்பர்-காமியோகாண்டே, வலுவான சான்று தந்தது. ஆனால் வானத்து நியூட்ரினோ எவ்வளவு தூரம் வந்தது, என்ன ஆற்றலோடு புறப்பட்டது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. கற்றையை நாமே உண்டாக்கினால் இரண்டும் நம் கையில்.

கடலோரத் தோக்காய் ஊரிலுள்ள ஜே-பார்க் முடுக்கியிலிருந்து 30 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் வரும் புரோட்டான்கள் கிராஃபைட் தண்டில் மோதுகின்றன. அதிலிருந்து பையான்கள் தெறிக்கின்றன. இந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்ப்பது அடுத்த கட்டம்தான். நியூட்ரினோவைத் திருப்ப முடியாது. ஆனால் அதைப் பெற்றெடுக்கப்போகும் பையானுக்கு மின்னூட்டம் உண்டு. 'காந்தக் கொம்பு' என்ற கருவி பையான்களை ஒருமுகப்படுத்துகிறது. அவை சிதையும்போது பிறக்கும் மியூவான் நியூட்ரினோக்களும் பெரும்பாலும் அதே திசையில் பாய்கின்றன. கற்றையின் நடு அச்சை வேண்டுமென்றே தொட்டியிலிருந்து 2.5 பாகை விலக்கி வைத்திருக்கிறார்கள். அந்த ஓரத்தில்தான், 295 கிலோமீட்டரில் மிகுதியாக உருமாறும் ஆற்றலுள்ள நியூட்ரினோக்கள் குவிகின்றன.

புறப்பட்ட 280 மீட்டரிலேயே கற்றையை ஒருமுறை அளந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ ஒரு மில்லி விநாடியில் அது காமியோக்கா மலைக்கடியில், 50,000 டன் தண்ணீர் நிரம்பிய சூப்பர்-காமியோகாண்டேயை அடைகிறது. மிக அரிதாக ஒரு நியூட்ரினோ தண்ணீரில் மோதினால், அதன் வகைக்கேற்ப மியூவானோ எலக்ட்ரானோ பிறந்து ஒளி வளையம் தோன்றும். மியூவானின் வளையம் கூர்மையானது. எலக்ட்ரானுடையது ஓரம் கலைந்தது.

இதற்கு முந்தைய கே2கே ஆய்வில், மாற்றம் இல்லையென்றால் 158 நிகழ்வுகள் கிடைத்திருக்க வேண்டும், கிடைத்தவை 112. அது காணாமல்போனதன் கணக்கு. புதிதாகத் தோன்றியதை டி2கே காட்டியது. 2011 மார்ச் நிலநடுக்கம் முடுக்கியை நிறுத்துவதற்குள் 6 எலக்ட்ரான் நியூட்ரினோ நிகழ்வுகள் சேர்ந்திருந்தன. 2013-இல் அவை 28 ஆயின. பிற காரணங்களால் எதிர்பார்க்கத்தக்கவை ஐந்துதான்.

கொம்பில் மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் எதிர்-நியூட்ரினோக் கற்றை கிடைக்கும். இரண்டும் ஒரே அளவில் மாறவில்லை என்றால், பேரண்டத்தில் பொருள் மட்டும் மிஞ்சியது ஏன் என்ற கேள்விக்கு அது ஒரு தடயம். அந்த வேறுபாட்டின் அறிகுறிகளை டி2கே 2020-இல் வெளியிட்டது. உறுதிசெய்ய இன்னும் ஏராளமான வளையங்கள் தேவை. அதற்காகவே, இதே கற்றையைப் பிடிக்க, ஹைப்பர்-காமியோகாண்டே என்ற மேலும் பெரிய தொட்டியை மலையைக் குடைந்து கட்டுகிறார்கள்.