தலை முதல் கால் வரை

நம் இரத்தம் எந்த உறுப்புக்கு எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்கிறது? உடம்பில் செலுத்திய கதிரியக்க மருந்தைப் படமெடுக்கும் வழக்கமான பெட் ஸ்கேன் கருவி ஒரு நேரத்தில் உடம்பில் ஒரு முழ நீளத்தைக்கூடப் பார்க்காது. இதயத்தைப் பார்க்கும்போது மூளை தவறிவிடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சைமன் செர்ரி, ராம்சி படாவி குழுவினர் உருவாக்கிய எக்ஸ்ப்ளோரர் கருவியின் பார்வை நீளம் 194 சென்டிமீட்டர். ஆளே முழுசாக உள்ளே அடங்கிவிடுகிறார்! 2018-இல் அது எடுத்த மனித உடலின் முதல் படங்கள் வெளிவந்தன. சிறிதளவு கதிரியக்க மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றினால், அது இதயம், நுரையீரல், மூளை, சிறுநீரகம், கால் என்று பரவுவதை நொடிக்கு நொடி கணினி கணக்கிடும். இதற்குக் கதிரியக்க ஆக்சிஜன் கலந்த தண்ணீரும் உதவும். அந்த ஆக்சிஜன் சுமார் இரண்டே நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.