வாரை விடு, தம்பி

கொடைக்கானலில் மழை விட்ட ஒரு மாலை. ஏரிச் சாலையோர டீக்கடையில் ஒதுங்கியிருந்த குதிரைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் டீயை ஆற்றிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் ஏறியிருந்த மட்டக்குதிரையின் பின்னங்கால், சாலையில் போட்டிருந்த வெள்ளைக்கோட்டில் பட்டுச் சர்ரென்று ஒரு சாண் வழுக்கியது. பையன் பதறிப்போய்க் கடிவாள வாரை மார்போடு சேர்த்து இழுத்தான். கூட நடந்தவர், "விடு தம்பி, வாரை விடு!" என்றார். விட்டான். குதிரை கழுத்தைத் தாழ்த்தி நீட்டி, வழுக்கிய காலை வயிற்றுக்கடியில் வாங்கி ஊன்றி, நின்றுவிட்டது.

இழுத்துப் பிடிக்க வேண்டிய நேரத்தில் ஏன் விடச் சொன்னார்? கழைக்கூத்தாடி கையில் ஒரு நீளக் கம்பு இருக்குமே, குதிரைக்கு அந்தக் கம்பு அதன் தலையும் கழுத்தும்தான். உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. கால் தவறும்போது அதை முன்னும் பின்னும் வீசித்தான் குதிரை சமாளிக்கிறது. அந்த நேரத்தில் வாரை இழுப்பது, கயிற்றின் மேல் நிற்பவரிடமிருந்து கம்பைப் பிடுங்குவதுதான். அதற்காக வாரைத் தொங்கவிட வேண்டாம். வாயை உறுத்தாத அளவுக்கு லேசாகக் கையில் இருந்தால் போதும்.

வழுக்குவது எதனால் என்று கேட்டால், பாதிக் காரணம் லாடம். டயரின் ரப்பர் ஜல்லியின் மேடுபள்ளத்தில் அழுந்திப் பிடித்துக்கொள்ளும். இரும்பு அப்படி வளையாது, மேலாகவே உட்காரும். புதிதாகப் போட்ட தார்ச்சாலையில் இன்னும் மோசம். ஜல்லியை மூடியிருக்கும் தார்ப்படலம் வண்டிகள் ஓடி ஓடித் தேய்ந்த பிறகுதான் கல்லின் சொரசொரப்பு வெளியே வரும். பளபளவென்று கறுத்திருக்கும் புதுச்சாலையைப் பார்த்து நமக்கு மகிழ்ச்சி வரலாம். குதிரைமேல் இருப்பவருக்கு அது எச்சரிக்கை. வெள்ளைக்கோடு, சாக்கடை மூடி, உதிர்ந்த ஈர இலை, வண்டி ஒழுகவிட்ட டீசல் எல்லாம் அதே வகைதான். கண்ணைப் பத்தடி முன்னால் வைத்திருந்தால் இவற்றைச் சுற்றிப் போய்விடலாம்.

நன்றாகக் கொட்டிய மழையைவிடத் தூறலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். 1870களில் லண்டன் நகரப் பொறியாளர் வில்லியம் ஹேவுட், தெருக்களில் குதிரைகள் எத்தனை மைலுக்கு ஒருமுறை விழுகின்றன என்று ஆளைவைத்து எண்ணிப் பார்த்தார். கருங்கல் பாவிய தெருவில் 132 மைலுக்கு ஒன்று, தார்வகைத் தெருவில் 191 மைலுக்கு ஒன்று, மரக்கட்டை பதித்த தெருவில் விழுவது இன்னும் குறைவு. அதே கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது: தார்த் தெரு நன்றாகக் காய்ந்திருக்கும்போது அவ்வளவு மோசமில்லை, வெறுமனே ஈரம் கசிந்திருக்கும்போதுதான் அதிகம் வழுக்கியது. தூசியும் எண்ணெயும் ஈரத்தோடு குழைந்து பசையாகிவிடும். பெருமழை அதில் கொஞ்சத்தையாவது கழுவிவிடும்.

லாட ஆணியின் தலையில் கெட்டியான உலோக முனை வைத்துப் பிடிப்பைக் கூட்டும் வழக்கம் உண்டு. பிடிப்பு மிஞ்சினாலும் ஆபத்துதான். குளம்பு தரையில் படும்போது இம்மியளவு சறுக்கித்தான் அதிர்ச்சியைத் தணிக்கும். அப்படியே அறைந்து நின்றால் அந்த அடி மூட்டில் இறங்கும்.

ஆகவே, நடை. ஓட்டம் வேண்டாம். நடக்கும்போது எந்த நேரமும் இரண்டு மூன்று கால்கள் தரையில் இருக்கும். துள்ளோட்டத்தில் குறுக்காக எதிரெதிரே உள்ள கால்கள் இரண்டு மட்டுமே ஊன்றும், நடுவே நான்கும் அந்தரத்தில் நிற்கும் கணமும் உண்டு. திரும்ப வேண்டுமென்றால் அகலமாக வளையுங்கள். ஒடித்துத் திருப்பினால் உள்பக்கம் சாய்ந்து மொத்தமாகச் சரியும். இறக்கத்தில் நேராக இறங்குங்கள். நீங்கள் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, அங்கவடியில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைத்திருங்கள். குதிரை விழுந்தால் கால் அதில் சிக்கிக்கொள்ளக் கூடாது.

சவாரிக்குக் குதிரை எடுப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். "கொஞ்சம் ஓட விடுங்களேன்" என்று ஈரச்சாலையில் கேட்காதீர்கள். நீங்கள் கேட்டால், அன்றைய வருமானத்தை நினைத்துக் குதிரைக்காரர் மறுக்கத் தயங்குவார். கால் எலும்பு முறிந்த குதிரை பெரும்பாலும் பிழைப்பதில்லை.

அப்படியும் விழுந்துவிட்டால் உடனே இழுத்துத் தூக்க வேண்டாம். மாடு பின்னங்காலை ஊன்றி எழும். குதிரை முதலில் முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி ஊன்றி, பிறகுதான் பின்பக்கத்தை உந்தி எழும். அந்த முன்னங்கால் படும் இடத்தில் ஒரு சாக்கையோ இரண்டு கை மணலையோ போட்டுவிட்டு, கால் வீச்சுக்கு எட்டாமல் முதுகுப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, தானாகவே எழுந்திருக்கும்.