பழைய மாடல், புதிய கணக்கு
புது ஸ்மார்ட்போன் வந்ததும் போன வருட மாடல் மலிவாகிறது. ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் நஷ்டம்.

மும்பையின் பாந்த்ரா-குர்லா வளாகத்திலும் டெல்லி சாகேத்திலும் ஆப்பிள் தன் சொந்தக் கடைகளைத் திறந்தது 2023 ஏப்ரலில். அதிலிருந்து செப்டம்பர் வந்தால் ஒரே காட்சிதான். புது ஐபோன் விற்பனைக்கு வரும் நாளில் கடை திறக்கும் முன்பே வாசலில் நீண்ட வரிசை. டி.வி. கேமராக்களும் அங்கேதான் திரும்புகின்றன. அந்தப் பரபரப்பு அடங்கிய பிறகு, கூட்டமே இல்லாமல் போன வருட மாடலை வாங்கிச் செல்பவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆனால் அவர்கள் சிறு கூட்டமல்ல. 2022 செப்டம்பரில் ஐபோன் 14 ரூ. 79,900க்கு வந்தது. முந்தைய ஆண்டு அதே விலைக்கு அறிமுகமான ஐபோன் 13, உடனே ரூ. 69,900 ஆனது. பண்டிகைக் கால இணைய விற்பனையில் ரூ. 50,000க்கும் கீழே இறங்கியது. உள்ளே இருப்பதோ இரண்டிலும் ஏ15 சிப். கேமராவில் சில மேம்பாடுகள், கூடுதலாக ஒரு கிராபிக்ஸ் கோர் – புதியதன் பெருமை பெரும்பாலும் இவ்வளவுதான். விளைவு? அந்த ஆண்டின் கடைசி 3 மாதங்களில் இந்தியாவில் அதிகம் விற்ற ஸ்மார்ட்போன் ஐபோன் 13 என்றது கவுன்டர்பாயின்ட் ஆய்வு நிறுவனம். மலிவு விலை போன்களின் நாட்டில் இது சாதாரண விஷயமல்ல.

அப்படியானால் பழைய மாடலை கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? அங்கேதான் சிக்கல். போனின் ஆயுள் நீங்கள் பணம் கொடுத்த நாளில் தொடங்குவதில்லை; நிறுவனம் அதை அறிமுகம் செய்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. பாதுகாப்பு அப்டேட்களுக்கான கெடு அந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது.

சாம்சங் கேலக்ஸி எஸ்23 வந்தது 2023 பிப்ரவரியில். வாக்குறுதி 5 ஆண்டு. 2028 தொடக்கத்தில் முடிகிறது. 2024 ஜனவரியில் வந்த எஸ்24க்கு 7 ஆண்டு. 2031 வரை கவலையில்லை. இரண்டுக்கும் வயது வித்தியாசம் ஒரு வருடம்கூட இல்லை, ஆயுள் வித்தியாசமோ 3 வருடம். கூகுளிலும் இதே கதை. பிக்சல் 7க்கு 2027 அக்டோபர் வரை, அடுத்த ஆண்டு வந்த பிக்சல் 8க்கு 2030 அக்டோபர் வரை.

அப்டேட் நின்றால் போன் நின்றுவிடாது. பேசலாம், படம் பார்க்கலாம். ஆனால் மென்பொருளில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளிருக்காது. வங்கிக் கணக்கும் யு.பி.ஐ.யும் ஓ.டி.பி.யும் அதே போனில்தான். பிறகு செயலிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடும். ஐபோன் 5எஸ், ஐபோன் 6 ஆகியவற்றை 2025-ல் வாட்ஸ்அப் கைகழுவியது.

எனவே எளிமையான ஒரு கணக்கு: விலையை, மீதமிருக்கும் அப்டேட் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். ரூ. 30,000 போனுக்கு 2 வருடம் மிச்சம் என்றால் வருடத்துக்கு ரூ. 15,000. ரூ. 60,000 போனுக்கு 6 வருடம் மிச்சம் என்றால் ரூ. 10,000 மட்டுமே. மலிவு எது?

பேட்டரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, 500 முழு சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதத் திறனுடன் இருக்கும் என்கிறது ஆப்பிள். ஐபோன் 15 முதல் அது 1,000. பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் பேட்டரிக்கு வயதாகும் என்பதால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பார்ப்பது நல்லது. ரொம்பப் பின்னால் போனால் வேறு சங்கடம்: ஐபோன் 11-ல் 5ஜி கிடையாது.

டெல்லி கஃபார் மார்க்கெட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ செகண்ட் ஹேண்டில் வாங்குவோருக்கு இன்னொரு வேலையும் உண்டு. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துவிட்டால், திருட்டு போன் என்று முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும்.

கடையில் கேமரா, கலர், தள்ளுபடி எல்லாம் விசாரித்து முடித்த பிறகு இதையும் கேளுங்கள்: 'எந்த வருடம் வரை அப்டேட் வரும்?' விற்பவர் விழித்தால், நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறக்கலாம்.