கரோக்கியில் இல்லாத பாட்டு

சம்பள நாளன்று வேலைத்தள நண்பர்களோடு பதுளை நகரில் கரோக்கி பாடப் போனேன். ஜப்பானிய மொழியில் இதற்கு ‘வெற்று இசைக்குழு’ என்று பொருள். 1971இல் கோபே நகரில் டைசுகே இனோவே இதற்கான இயந்திரத்தைச் செய்தார். இசை ஓடும், குரல் நம்முடையது.

சிங்களப் பாட்டும் தமிழ்ச் சினிமாப் பாட்டும் நிறைய இருந்தன. கொழுந்து பறிக்கையில் அம்மாயி பாடிய பாட்டு இல்லை. பதிவான இசை இருந்தால்தானே கரோக்கி? தோட்டப் பாட்டுகள் வாய்வழி வந்தவை. சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்தவை எழுத்தில் மிஞ்சின. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வன்னிக்குப் போனவர்களோடும் பாட்டுகள் போயின.

மைக்கை வாங்கி இசையில்லாமலே பாடினேன். சிங்கள நண்பர்கள் மேசையில் தாளம் போட்டார்கள். இரண்டாம் அடி மறந்துவிட்டது.

மறுநாள் கைபேசியோடு அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் பாடுவார்; பதிந்து வையுங்கள்.