சோப்பு கேட்டு மனு கொடுங்கள்

வருசநாட்டிலிருந்து கடமலைக்குண்டு வழியாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கை கழுவும் முறை தெரியாமல் இல்லை. கொரோனா காலத்தில் பள்ளியில் படித்தவர்கள். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு என்று வரிசையாகச் சொல்வார்கள். ஆனால் பஸ் கம்பியைப் பிடித்து வந்த கை, இறங்கியதும் நேராக வடைக்குத்தான் போகிறது.

விடுதி மெஸ்ஸில் இன்னும் மோசம். சாப்பிடும் முன் நுனிவிரலைத் தண்ணீரில் நனைத்தால் போதும் என்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் சோப்பைத் தேடுகிறார்கள். குழம்பு வாசனை போவதற்குச் சோப்பு, கிருமிக்கு வெறும் தண்ணீரா? சாப்பிடும் முன்பும் கழிப்பறை போய் வந்த பின்பும்தான் சோப்பு கட்டாயம். குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தால் கழுவியதே வீண்.

சானிடைசர் பாட்டில் பையில் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். எண்ணெயும் மண்ணும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. வாந்தி, பேதி உண்டாக்கும் நோரோ வைரஸை அது நம்பகமாக அழிப்பதில்லை. சனி, ஞாயிறு ஊருக்கு வந்து தோட்டத்தில் மருந்தடித்த கைக்கும் அது போதாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும்.

டைபாய்டும் ஹெபடைடிஸ் ஏ காமாலையும் அழுக்குக் கை வழியாகவும் பரவுபவை. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கிடக்காதீர்கள். கண் மஞ்சளானால் கீழாநெல்லியோடு நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வராமல், சோப்பும் வைக்காமல், "கை கழுவுவீர்" என்று போர்டு மட்டும் மாட்டும் நிர்வாகங்களை என்ன செய்வது? எழுதிக் கேளுங்கள். வாய்ச்சொல்லுக்கு எந்த அலுவலகத்திலும் பதில் வராது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அடிப்படை வசதி இல்லாததும் அங்கே எடுபடும் குறைதான். எந்தக் கட்டடம், எந்தத் தளம், எத்தனை குழாய் ஓடவில்லை, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு. குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால், அது கைக்கு வந்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகக் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அரசுக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது. கல்லூரிப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கடந்த ஆண்டு சோப்புக்கும் குழாய்ப் பழுதுக்கும் எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அரசு விடுதியில் குறை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவைப் பதிவு செய்து, ரசீது வாங்குங்கள். கேன்டீன் சுத்தம் சரியில்லையா, சுவரில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்குப் புகார் எழுதுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன், முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். ஒருவர் பெயரில் மட்டும் மனு போனால் மிரட்டி மடக்கிவிடுவார்கள். வகுப்பில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.