காரிக்குக் கபிலர் சொன்னது

திருக்கோவிலூர் என்றால் கோபுரத்தைக் காட்டுவார் சிலர். உலகளந்த பெருமாளின் தூக்கிய திருவடியைக் காட்டுவார் சிலர். காட்டட்டும். ஊரை ஒட்டி ஓடும் தென்பெண்ணையில் ஒரு பாறை நிற்கிறதே, அதை நாம் காட்டுவோம். கபிலர் குன்று என்று அதற்குப் பெயர். பாரியை இழந்த கபிலர், அவன் பெற்ற பெண்களுக்கு வாழ்வு தேடி அலைந்து, முடிவில் உயிர் நீத்த இடம் என்கிறார்கள். வடக்கிருந்தார் என்பது இலக்கிய வழக்கு. தீயில் புகுந்தார் என்கிறது இவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு. எப்படியாயினும் என்ன? மன்னர்களின் மாளிகை மண்ணாயிற்று. புலவரின் பாறை நிற்கிறது. அவர் பெயரால் திருக்கோவலூர்ப் பண்பாட்டுக் கழகத்தார் ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். வாழ்க அவர்கள் முயற்சி!

பாறையைப் பார்த்த அன்று மாலையே, பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பாரதக் கூத்து என்று கேள்விப்பட்டுச் சென்றோம். திரௌபதை அம்மனுக்கு விழா. "பகுத்தறிவு பேசும் உமக்கு அங்கே என்ன வேலை?" என்றார் உடன் வந்த நண்பர். அம்மனைக் காண அல்லவே, ஆட்டத்தைக் காணத்தானே போகிறோம் என்றோம்.

பொழுது சாயும் நேரம். பள்ளிக்கூடத் தாழ்வாரந்தான் வேடம் கட்டும் இடம். முகம் மட்டுமே தெரியும் சிறு கண்ணாடி. அதன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்த உழைப்பாளி. பகலெல்லாம் கரும்பு வெட்டிய கை, அந்தியில் அரிதாரம் குழைக்கிறது! புருவம் தீட்டுகிறது, மீசை எழுதுகிறது, கன்னத்தில் புள்ளி வைக்கிறது. ஒரு கோடு கோணவில்லை. மணி இரண்டு ஓடிற்று; எழுந்து நின்றபோது கூலியாளைக் காணோம், கர்ணன் நின்றான். கலியாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புசத்திலே கட்டை, மார்பிலே பதக்கம். பாரம் குறையட்டும் என்றுதான் அந்த மரத்தைத் தேர்ந்தார்கள். ஆனாலும் விடியும்வரை அதைச் சுமந்து சுழன்று ஆடிப் பார்த்தால் தெரியும் பாரம்!

களரியில் மிருதங்கம், ஆர்மோனியம், தாளம். முகவீணையும் உண்டு. பெயரில்தான் வீணை, உண்மையில் அது ஊதும் குழல், நாகசுரத்துக்குத் தம்பி. அதை ஊதத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள். இருவர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னே சலங்கை ஒலிக்க, கட்டியங்காரன் கேலி பேச, கர்ணன் தன்னைத் தானே பாடிக்கொண்டு வெளிப்படுகிறான். பாட்டும் அவனே, பேச்சும் அவனே, ஆட்டமும் அவனே.

அன்று கர்ண மோட்சம். பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான் வீரன். அவளோ அரசகுமாரி. குலம் தெரியாதவன், தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று பழிக்கிறாள். பொன்னுருவியாக நின்றவரும் ஆண்தான். ஆனால் அந்த ஏளனத்தில் ஒரு சொல் தவறவில்லை. மணலில் துண்டு விரித்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துவது என்றால் என்னவென்று அந்தக் கூட்டத்துக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. புராணம் பொய்யாகலாம், தோழர்களே! அந்த மணலிலே எழுந்த பெருமூச்சு பொய்யல்ல.

அந்த நேரம் பார்த்து ஆட்டம் நின்றது. ஊர்ப் பெரியவர் ஒருவர் ரூபாய்த் தாளைக் கர்ணனின் சட்டையில் குத்தினார். கட்டியங்காரன் அவர் பெயரையும் தந்தை பெயரையும் கூறி வாழ்த்தினான். அடுத்தவர் வந்தார், மீண்டும் வாழ்த்து. கர்ணன் வியர்வையோடு கைகட்டி நின்றான். கொடைவள்ளல் கர்ணன், கொடை வாங்கக் காத்து நின்றான்!

கொடுத்தவர்களைக் குறைகூறவில்லை. உள்ளதில் கொடுத்தார்கள். ஆனால் இதே கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் சொன்னது நினைவுக்கு வந்தது. காரி யார்? தேரையே பரிசிலாக வழங்கியவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனைப் பார்த்தே கபிலர் சொன்னார்: நாலு திசையிலிருந்தும் பரிசில் நாடி வருகிறார்கள், வாரி வழங்குவது உனக்குப் பெரிதல்ல, வந்தவனின் தகுதியை அறிவதுதான் அரிது, புலவரை எல்லோரையும் ஒன்றுபோலப் பார்க்காதே! புறநானூற்றில் 121-ஆம் பாட்டு அது. கேட்டு வாங்குகிறவன் கொடுக்கிறவனுக்குப் பாடம் சொல்கிறான். என்னே அந்தத் துணிவு!

இன்று என்ன செய்கிறோம்? தமிழிசைக்கு மேடை இல்லையே என்ற ஏக்கத்தில் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. பாட்டுக்கு மதிப்பு வந்தது. 2007-இல் சென்னை சங்கமம் பறையையும் கரகத்தையும் கூத்தையும் தலைநகரின் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. 2023-இல் நம்ம ஊரு திருவிழாவாக மீண்டும் தொடங்கிற்று. நல்ல காரியங்கள். ஆனால் விடியவிடிய ஆடும் கூத்தை அரை மணியில் அடக்கு என்று சொல்லும் விழாக்காரர்கள் எத்தனை பேர்! ஆடியவனுக்கும் துதி பாடியவனுக்கும் ஒரே அளவுப் பொன்னாடை. காரியிடம் கபிலர் கண்ட குறை இதுதானே?

கட்சி மேடைகளும் விலக்கல்ல. எல்லாக் கட்சி மேடைகளையும் சேர்த்தே சொல்கிறேன். தலைவர் வரும்வரை பறை முழங்கும், பொய்க்கால் குதிரை ஆடும். தலைவர் கார் தெரிந்ததோ இல்லையோ, "போதும், நிறுத்து!" என்று ஒரு குரல். பாதி அடவில் நிற்கிறது கால். அவனுக்கு மேடையில் நாற்காலி உண்டா? கூட்டம் முடிந்தபின் கூலிக்காக எத்தனை நாழி நிற்கிறான்? கேட்டுப் பாருங்கள்.

சுவரொட்டியைப் பாருங்கள். தலைமை, முன்னிலை, வரவேற்பு, நன்றியுரை என்று முப்பது பெயர், கடைசியில் ஊர் பேர் இல்லாமல், "கலைநிகழ்ச்சிகள் நடைபெறும்." அடுத்த கூட்டத்துக்கு அச்சகம் போகும் தோழரே! அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு, என்ன கூத்து, எந்த ஊர்க் குழு, வாத்தியார் யார் என்று போடுங்கள். எழுத்து, தலைவர் பெயரின் அளவில் இருக்கட்டும். கூலியை முன்னதாகவே பேசி, வேடம் கட்ட உட்காருமுன் கையில் கொடுங்கள்.